பின்சீட் கழற்றிய கார்

சாவியைத் திருப்பியதும் கார் இருமியது. இருமிக்கொண்டே இருந்தது. உயிர் மட்டும் வரவில்லை.

"வந்துடும்," என்றார் அப்பா, ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்து. "ராத்திரி குளிர் ஜாஸ்தி. அதான் கொஞ்சம் சோம்பல்."

சோம்பல் இல்லை என்று வெளியே நின்ற பாப்பாவுக்குத் தெரியும். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்புக்குக் கரன்ட் போகிற ஃப்யூஸ் அவள் சட்டைப்பையில் இருந்தது. நகத்தளவு நீலத்துண்டு. நேற்று சாயங்காலம் அம்மா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் உருவியது. இப்போது அது செங்கல் மாதிரி கனத்தது.

பெயர்தான் பாப்பா. வயது பதினாறு. இந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வது அவள் வழியாகத்தான்.

"பாப்பா," என்றாள் அம்மா வாசலில் நின்று, "இந்த வண்டி இன்னைக்குக் கிளம்புமா, இல்ல அடுத்த வருஷமான்னு உங்கப்பாகிட்ட கேளு."

அப்பா இரண்டடி தூரத்தில்தான் இருந்தார்.

"ரெண்டே நிமிஷம்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"ரெண்டே நிமிஷமாம்மா."

"எனக்குக் காது கேக்குது."

அப்பா கண்ணாடிக்கடையில் லென்ஸ் அறுப்பவர். அங்கே மயிரிழை பிசகாது. கார் பானெட்டைத் திறந்தால் மட்டும் அந்தக் கைக்கு என்ன ஆகுமோ தெரியாது. கார் பாப்பாவைவிட ஒரு வயது மூத்தது. அதைப் பறக்கவிட வேண்டும் என்பது அவர் கனவு. ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கூம்பு மாதிரி ஒன்றை மாட்டினார். "வண்டி நல்லா மூச்சு விடணும்." பிறகு வாழைத்தண்டு கனத்தில் ஒரு சைலன்சர். வேகம் ஒரு துளி ஏறவில்லை. சத்தம் ஏறியது. அவர் வேலை முடிந்து திரும்புகிறார் என்பது தெருமுனையிலேயே தெரிந்து, தொட்டிலில் தூங்கும் குழந்தைகள் வரிசையாக அழ ஆரம்பிக்கும்.

போன மாதம் பின்சீட்டைக் கழற்றினார். எடை குறைந்தால் வண்டி சீறுமாம். சீட்டைக் கூடத்தில் சுவரோரம் போட்டார். வந்தவர்கள் அதில்தான் உட்கார்ந்தார்கள். சிலர் பழக்கதோஷத்தில் பெல்ட்டைத் தேடினார்கள்.

வினை ஒரு மழைநாளில் வந்தது. அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளைக் கூட்டிவரப் போன அப்பா, பெரிய மனது பண்ணி, கடை முதலாளியம்மாவையும் ஏறிக்கொள்ளச் சொன்னார். முதலாளியம்மாவுக்கு முன்சீட். அம்மாவுக்குப் பின்னால், கார் கழுவும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இடம். முதல் வேகத்தடையிலேயே வாளி ஒரு பக்கம் போனது, அம்மா ஒரு பக்கம் போனாள். முதலாளியம்மா திரும்பிப் பார்த்து, "வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

அம்மா அப்பாவோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். சண்டை போட்டிருந்தால்கூட பாப்பா பயந்திருக்க மாட்டாள். அம்மா அமைதியாகத் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் ஊரில் அவளுக்கு ஒரு வேலை தயாரானது. நாளைக்கே சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் காத்திருக்கிறது. இன்று காலை ரயில்.

"பரீட்சை முடிஞ்சதும் நீயும் வா," என்றாள் பாப்பாவிடம். "இல்ல, உங்கப்பாவோடயே இருக்கேன்னா இரு. உன் இஷ்டம்."

அந்த "உன் இஷ்டம்"தான் பாப்பாவின் தூக்கத்தைக் கொண்டுபோனது. வண்டி கிளம்பாவிட்டால் ரயில் போய்விடும். ரயில் போனால் வேலை போய்விடும். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டியதே அப்பாதான், டார்ச் பிடிக்கச் சொன்ன ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

"வேற வண்டி கூப்பிடலாமே?" என்று நேற்று அவளே ஒப்புக்குக் கேட்டுப் பார்த்தாள்.

"என் பொண்டாட்டியை வாடகை வண்டியில அனுப்பறதுக்கு நான் எதுக்குக் கார் வெச்சிருக்கேன்னு உங்கம்மாகிட்ட கேளு," என்றார் அப்பா.

விடியற்காலையில் கூடத்துச் சீட்டைத் தூக்கிப்போய் அவர் திரும்பக் காரில் மாட்டியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அது இருந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. அம்மா பார்த்தாள். பின்கதவைத் திறந்து சீட்டை ஒரு தரம் தொட்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

கார் மறுபடி இருமியது.

"ஸ்பார்க் வரல," என்று தீர்ப்புச் சொன்னார் அப்பா. "பிளக்கைக் கழட்டிடறேன்."

"அப்பா, வேணாம்பா!"

"ஏன்?"

பாப்பாவிடம் காரணம் இருந்தது. சட்டைப்பையில் இருந்தது. "சும்மாதான்," என்றாள்.

முதல் மூன்று பிளக்கும் ஒழுங்காக வந்தன. நான்காவது மக்கர் பண்ணியது. அப்பா ஸ்பேனரில் தொங்கினார். 'டொக்' என்றது. மேல்பாதி கையில் இருந்தது. கீழ்ப்பாதி எஞ்சினோடு தங்கிவிட்டது.

"இது இப்படித்தான் வரும்," என்றார் அப்பா. வராது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

ஒருவழியாக மிச்சத்தையும் சுழற்றி எடுத்து, பிஸ்கட் டப்பாவிலிருந்து பழைய பிளக்குகளைத் தேடி மாட்டினார். பாப்பா நினைத்தது ஒரு காலை நேரத் தாமதம். இங்கே எஞ்சினையே கூறுபோடுகிறார்கள். இப்படியே போனால் மாலைக்குள் கார் இருக்காது. கார் இல்லாத அப்பா என்ன ஆவார்? அம்மாவோ எப்படியும் போய்விடுவாள், போகும்போது "இந்த வண்டியாலதான்" என்று இன்னொரு காரணத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போவாள்.

திருப்பி வைத்துவிட வேண்டியதுதான். அம்மா போவாள். போகட்டும். பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டாள்.

"என்னடி தேடற?" என்றாள் பக்கத்துச் சீட்டிலிருந்து அம்மா.

"பேனா."

"கார்ல உக்காந்து பரீட்சை எழுதப் போறியா?"

"விழுந்துடுச்சும்மா."

ஃப்யூஸ் பெட்டிக்குள் இருட்டு. தடவித் தடவி ஒரு காலி ஓட்டையில் அமுக்கினாள். உட்கார்ந்துவிட்டது. நிமிர்ந்தபோது அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா சாவியைத் திருப்பினார். பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கார் இருமியது. அவ்வளவுதான்.

பாப்பா ஃப்யூஸ் பெட்டி இருந்த பக்கம் பார்த்தாள். ஃப்யூஸைத்தான் வைத்தாயிற்றே? அப்படியென்றால் அதை உருவியபோதே உள்ளே வேறு ஏதோ செத்துப்போயிருக்கிறது. தன் கையால்.

அப்பா விடவில்லை. இருமல் முனகலானது. முனகல் 'டக்' என்ற ஒற்றைச் சத்தமானது. பிறகு அதுவும் இல்லை. பேட்டரியும் படுத்துவிட்டது.

மாடிவீட்டு பேங்க் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம் சார். தெரு இறக்கம்தானே?"

அம்மா இறங்கவில்லை. அவளையும் பெட்டியையும் சேர்த்தே தள்ளினார்கள். கார் உருண்டது. அப்பா கியரைப் போட்டார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, திருப்பத்தில் குறுக்காகப் போய் நின்றது. இனி அந்தத் தெருவில் சைக்கிள்கூடப் போகாது.

"சரி விடுங்க, நானே என் வண்டியில ஸ்டேஷன்ல விட்டுடறேன்," என்று சொல்லிவிட்டு, பேங்க் மாமா தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அது அடைபட்ட தெருவின் உள்பக்கம் நின்றது. "அடடா."

"தெருமுனைக்கு நடந்தா வாடகைக் கார் கிடைக்கும்மா," என்றார் அம்மாவிடம்.

"பெட்டி கனம்," என்றாள் அம்மா. "அதோட, கொண்டுவந்து விடறேன்னு சொன்னவர் விடட்டும். சொன்ன சொல்னு ஒண்ணு இருக்குல்ல?"

காலையில் பெட்டியைத் தூக்கி வந்தவள் பாப்பா. அதில் கனமே இல்லை. இந்த வீட்டிலிருந்து ஒன்றையும் எடுத்துப்போக அம்மாவுக்கு மனமில்லை என்று நினைத்து, படியிலேயே ஒரு பாட்டம் அழுதிருந்தாள்.

"உங்க பேட்டரியில இருந்து கரன்ட் குடுங்க மாமா, போதும்," என்றார் அப்பா. அவசரத்தில் அவரும் மாமா என்றே கூப்பிட்டார்.

பேங்க் மாமாவின் கார் புதிது. இருக்கையின் பாலிதீன் உறையைக்கூட அவர் இன்னும் கிழிக்கவில்லை. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்க, மெதுவாக மூக்குக்கு மூக்கு கொண்டுவந்து நிறுத்தினார். அப்பா சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் எடுத்தார்.

"சிவப்பு எதுலன்னு பார்த்து மாட்டுங்க சார்."

"இதைக்கூடத் தெரியாமலா?"

பட்டென்று நீலமாக ஒரு பொறி. ரப்பர் கருகும் நாற்றம்.

பேங்க் மாமா கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"பாட்டு நின்னுடுச்சு," என்றார்.

இப்போது தெருவில் இரண்டு கார்கள் செத்துக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து ஊர்க்கோடியில் ரயில் கூவியது. நீளமாகக் கூவி, தேய்ந்து, இல்லாமல் போனது.

அப்பா கையைத் துடைப்பதை நிறுத்தினார். பானெட்டைச் சுற்றி நடந்து அம்மா பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"போயிடுச்சு," என்றார்.

"கேட்டுச்சு," என்றாள் அம்மா.

நடுவில் தன் பெயர் வரவில்லை என்பதைப் பாப்பா கவனித்தாள். ஆனால் சந்தோஷப்படப் பயமாக இருந்தது. செத்தது எது, அதைக் கொன்றது யார் என்பது இன்னும் வெளிவரவில்லை.

"கிரீஸுக்குப் போன் பண்ணிட்டேன்," என்றார் பேங்க் மாமா, இழவு வீட்டுக் குரலில். கிரீஸ் என்பது மெயின்ரோட்டு மெக்கானிக்கின் பட்டப்பெயர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மா அன்று காலையில் முதல்முறையாகக் காரைவிட்டு இறங்கினாள். "தலைவலிக்குது," என்று சொல்லிவிட்டு, கனமான பெட்டியைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

கிரீஸ் வந்தார். பேங்க் மாமாவின் காரில் கருகியதை மாற்றினார். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பேங்க் மாமா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

பிறகு அப்பாவின் கார்.

"ஸ்பார்க் வரல," என்று அப்பா பாடம் எடுத்தார். "வயரிங்கா இருக்கலாம். காயிலா இருக்கலாம். இல்ல, கூம்பு ஃபில்டர் போட்டதால காத்து அதிகமாகி…"

கிரீஸ் எதையும் கேட்கவில்லை, எதையும் தேடவில்லை. வைத்த இடத்தில் எடுப்பதுபோல எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு, தொங்கிக்கொண்டிருந்த ஒரு வயர் சாக்கெட்டைப் பிடித்து 'டிக்' என்று மாட்டினார்.

"பார்த்தியா பாப்பா? அனுபவம்!" என்றார் அப்பா.

"இது லாக் வெச்ச சாக்கெட் சார். தானா கழலாது." கிரீஸ் ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்தார். "அட, பம்ப் ஃப்யூஸைப் பக்கத்து ஓட்டையில குடிவெச்சது யாரு?"

"நான் அந்தப் பக்கமே போகல," என்றார் அப்பா. மெதுவாகத் திரும்பினார். "பாப்பா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லை. சாக்கெட்டையும் நான்தான் தட்டிவிட்டிருப்பேன், இருட்டில் கை எங்கே பட்டதோ என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அப்பா, எல்லாம் நான்தாம்பா! அம்மா போகக் கூடாதுன்னு நான்தான் நேத்து…"

அவள் வாய் திறந்த அதே நொடியில், ஃப்யூஸை இடம் மாற்றிப் பேட்டரிக்கு உயிர் கொடுத்திருந்த கிரீஸ் சாவியைத் திருப்பினார். வாழைத்தண்டு சைலன்சர் வழியாகக் கார் கர்ஜித்தது. மாடியில் குழந்தை வீறிட்டது. பாப்பா தொண்டை கிழியக் கத்திய வாக்குமூலத்தில் ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை.

"என்னம்மா சொன்னே?" என்று காதைக் குடைந்தார் அப்பா, கிரீஸ் எஞ்சினை அணைத்த பிறகு.

இன்னொரு தரம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. அழுகைதான் வந்தது.

சத்தம் கேட்டு அம்மா வீட்டிலிருந்து நடந்து வந்தாள். கையில் டீ. அப்பாவுக்கு ஒன்றை நேராகவே நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, கறுப்புக் கையோடு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். கிரீஸ் தன் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மனத்தாங்கலோடு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, அந்த ஒரு சாக்கெட்டை உருவினாலே போதும், வண்டி கிளம்பாதுன்னு நேத்து போன்ல அவ்வளவு தெளிவாச் சொன்னேனே… என்மேல நம்பிக்கை இல்லாம ஃப்யூஸ்ல வேற எதுக்குக் கை வெச்சீங்க?"