ஏசியும் ஏச்சும்

மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியத்தையாவது செய்து முடித்துவிட வேண்டும் என்பது புண்ணியமூர்த்தியின் நெடுநாள் லட்சியம். இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் பெரிய கிளாக்கர். ஆபீசில் அவர் இருமினால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வீட்டில் இருமினால் மனைவி விஜயலெட்சுமி டீச்சர் கொத்தமல்லித் தண்ணியை நீட்டி, "குடிச்சிட்டு வாயை மூடிக்கிட்டுப் படுங்க" என்பாள்.

கொஞ்ச நாளாக அவர் கார் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

"ஏங்க, அந்தச் சத்தம் என்னான்னு கராஜ்ல காட்டுங்க."

"அது எஞ்சின் சத்தம். எஞ்சின் இருந்தா சத்தம் இருக்கத்தான் செய்யும்."

"எலிய மிதிச்ச மாதிரில்ல இருக்கு?"

"உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"காது கேக்கத் தெரியும்."

வியாழக்கிழமை பெரகலைச் சந்தியில் சத்தம் தானாக நின்றது. பதிலுக்குப் புகை வந்தது. பக்கத்துக் கராஜில் மெக்கானிக் ஸரூக் பொனட்டைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஏசி கம்பிரசர் இறுகிப் போயிருச்சு சேர். சுத்த மாட்டேங்குது. பெல்ட் அதுல உரசி உரசிக் கருகிருச்சு. முதல்லயே சத்தம் குடுத்திருக்குமே?"

"அப்படியொண்ணும் கேக்கலையே."

"புதுக் கம்பிரசர் கொழும்புலருந்து வரணும். இப்போதைக்குக் குட்டையா ஒரு பெல்ட் போட்டுர்றேன். அது கம்பிரசரைத் தொடாமச் சுத்திக்கிட்டுப் போகும். கார் ஓடும். ஏசி மட்டும் வராது."

புண்ணியமூர்த்தி யோசித்தார். ஹல்துமுல்லைக் குளிரில் ஏசி யாருக்கு வேணும்? ஆனால் காரில் ஏசி இல்லையென்று தெரிந்தால் வீட்டில் ஏச ஆள் இருக்கிறதே! "நான் அப்பவே சொன்னேன்" என்று விஜி தொடங்கினால், அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போக எந்த அளவிலும் பெல்ட் கிடையாது.

"போடுங்க ஸரூக். வெளிய யாருக்கும் சொல்லாதீங்க."

"வாயே திறக்கமாட்டேன் சேர்."

சனிக்கிழமை மொனராகலைப் பயணம். விஜயலெட்சுமியின் அண்ணன் சின்னராசா புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார். கையில் பெரிய பையும் தோளில் தடித்த சால்வையுமாக வந்து ஏறினாள் விஜி.

"கார் சரியாயிருச்சா?"

"பெல்ட் மாத்தினேன். இப்ப ஏசி கும்முன்னு இருக்கு, பாரு."

காற்றாடியை முழுவதும் திருகிவிட்டார். மலைக்காற்று ஜில்லென்று வந்தது. கொஸ்லந்த வரை அவர் மகாராஜா.

தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி மலையிறங்கியதும் காற்று வெதுவெதுத்தது. வெல்லவாயவில் காற்றாடி வழியாக அடுப்பே ஊதியது. அவர் கை மெல்லக் கண்ணாடிப் பக்கம் போனது.

"ஏங்க, திறக்காதீங்க! குளிரெல்லாம் வெளிய போயிரும்."

"உனக்கு... குளிருதா?"

"பல்லு தந்தியடிக்குது." சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள். "கொஞ்சம் குறைச்சு வைங்களேன்."

இல்லாத குளிரை அவர் குறைத்து வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியது. மீசையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"என்னங்க, இப்படி வேர்க்குது?"

"வேர்வையில்ல. ஏசித் தண்ணி ஒழுகுது."

"உங்க நெத்தியிலருந்தா?"

புத்தல வருவதற்குள் புண்ணியமூர்த்தி வெந்துபோனார். மரநிழலில் காரை நிறுத்தினார். எல்லாக் கண்ணாடியையும் இறக்கினார். உண்மையையும் இறக்கினார்.

"விஜி, ஏசி செத்துப் போச்சு. நீ சொன்ன சத்தம் அதுதான். குட்டைப் பெல்ட் போட்டு ஓட்டிக்கிட்டு வர்றேன்."

விஜி சால்வையை விலக்கினாள். மடி நிறைய, துவாயில் சுற்றிய ஐஸ் போத்தல்கள்!

"ஸரூக்கோட சம்சாரம் ஜெனீரா எங்க ஸ்கூல் டீச்சர்தானே? வெள்ளிக்கிழமை காலையிலயே எனக்குத் தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"எவ்வளவு தூரம் தாங்குவீங்கன்னு பார்த்தேன். புத்தல வரைக்கும் வந்துட்டீங்களே, கெட்டிக்காரர்தான்."

ஒரு போத்தலை எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பிள்ளையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஏசியும் இல்லை, ஏச்சும் இல்லை. அவருக்குக் கண் கலங்கியது.

"ஒரே ஒரு உதவி விஜி. இத உங்க வீட்டாளுங்ககிட்ட சொல்லிராத. சின்னராசா மச்சான் சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"சத்தியமாச் சொல்லமாட்டேங்க. கார்ல ஏசி இல்லைங்கற பேச்சே என் வாயில வராது."

விஜி வாக்குத் தவறவில்லை. பால் பொங்கி, பந்தியில் எல்லோரும் உட்கார்ந்ததும் புண்ணியமூர்த்தியின் மாமியார் இராக்கம்மா கேட்டார்: "இந்த வெயில்ல எப்படிம்மா வந்தீங்க?"

"வெயிலா? உங்க மாப்பிள்ளை கார்ல ஏசியப் போட்டா ஐஸ்பெட்டிதாம்மா. நான் சால்வை போர்த்திக்கிட்டுல்ல வந்தேன்!"

புண்ணியமூர்த்தியின் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு ரசம் வரும்வரை நீடித்தது.

"அப்ப நல்லதாப் போச்சு மச்சான்!" என்றார் சின்னராசா. "நானும் தம்பிமாரும் நாளைக்குக் கதிர்காமம் போகணும். என் வேன்ல ஏசி இல்ல. உங்க கார்லயே போயிருவோம்."

தம்பிமாரைப் பார்த்தார் புண்ணியமூர்த்தி. ஆளுக்கொரு நெல்மூட்டைப் பருமன்.

"கண்ணாடியத் திறந்துவிட்டுக் காத்தாடப் போனாத்தானே மச்சான் சுகம்?"

"ஐயையோ, அந்தக் காட்டு ரோட்டுல கண்ணாடியத் திறக்கவே கூடாது! யானை தும்பிக்கைய உள்ள விட்டுச் சாப்பாடு தேடும். இறுக்கி மூடிக்கிட்டு ஏசியப் போட்டுரணும்."

அவர் மனைவியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். ரசம் ஊற்றுகிற சாக்கில் விஜி அவர் காதருகே குனிந்தாள்.

"சத்தியம் பண்ணிட்டேனே. எப்படிங்க சொல்றது?"

"அப்ப ஐஸ் போத்தலோட நீயும் கூட வா விஜி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

விஜி நிமிர்ந்து, பந்திக்கே கேட்கும்படி சொன்னாள்:

"நான் வரலைங்க. அந்தக் குளிரு எனக்கு ஒத்துக்காது."