ஏன் சாரும் ஒரு பூப்பொட்டலமும்

தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் உள்ள அத்தனை வியாபாரிகளையும் ஒரே ஒரு சொல்லால் திணறடித்த மனிதர் உண்டென்றால் அது எங்கள் ஏன் சார்தான். எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்பார். பதில் சொன்னால் அதற்கும் ‘ஏன்?’ என்பார். இப்படி ஐந்து முறை. ஐந்தாவது முறை வருவதற்குள் எதிரே இருப்பவர் கண்கலங்கியிருப்பார், இல்லை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. ஆபீஸ் போர்டிலும் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மும்பையில் பெரிய மேனேஜ்மென்ட் கன்சல்டிங் கம்பெனி ஒன்றில் பல வருஷம் இருந்துவிட்டு, திடீரென்று ஊர் திரும்பி, தேனியில் ஓர் உரக்கடையின் மாடியில் அதே தொழிலை ஆரம்பித்தார். ஏன் திரும்பினார் என்று அவரிடம் கேட்கும் தைரியம் ஒருவருக்கும் இல்லை. ‘ஆலோசனை’ என்று போர்டில் இருந்ததால் லோன் வாங்கித் தருவார்கள் என்று சிலர் ஏறி வந்தார்கள். பூச்சி மருந்து வாங்க வந்தவர்கள் வழி தவறி ஏறி வந்தார்கள். ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி போட்டோவோடு வந்தார். அவரிடமும் சார் ‘ஏன்?’ என்று ஆரம்பித்து, கடைசியில் அவர் போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அவ இன்னும் ரெண்டு வருஷம் படிக்கட்டும்” என்று தானாகவே சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் அங்கே வேலை கேட்டுப் போனபோது என்னிடம் ஓர் எம்.பி.ஏ. பட்டமும் பத்து மாதக் குழந்தையும் இருந்தன. இரண்டையும் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

“ஏன்மா இந்த வேலைக்கு வர்றே?”

“படிச்சிருக்கேன் சார்.”

“ஏன் படிச்சே?”

“அப்பா படிக்கச் சொன்னாக.”

“அவுக ஏன் சொன்னாக?”

“வேலைக்குப் போகணும்னு.”

“ஏன் போகணும்?”

“படிச்சிருக்கேனே சார்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “வட்டமா வருது. நாளைக்கு வந்துரு” என்றார்.

ஆபீஸில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். சின்னமனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். கணவர் மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர். குழந்தை கயலை என் மாமியார் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டாரே தவிர, நான் போய் என்ன செய்கிறேன் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

“அங்கன போயி என்னதான்த்தா செய்யுற?”

“மத்தவுக வியாபாரத்துக்கு யோசனை சொல்றோம் அத்தை.”

“உனக்கு வியாபாரம் தெரியுமா?”

“தெரியாது.”

“உங்க சாருக்கு?”

“அவரும் செஞ்சதில்லை.”

அத்தை குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாற்றினார். “அப்ப நல்லாத்தான் சொல்லுவீக.”

அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கே விளங்கவில்லை. உத்தமபாளையத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். சேலை வியாபாரம் படுத்துவிட்டது என்றார். ஏன்? ஜனங்கள் எதிர்க்கடைக்குப் போகிறார்கள். ஏன்? அங்கே புது டிசைன் இருக்கிறது. உங்களிடம் ஏன் இல்லை? சரக்கு எடுக்கிற விஷயம் தெரிந்தவன் அந்தக் கடையில் இருக்கிறான். ஏன் அங்கே இருக்கிறான்? கடைக்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என் தம்பி சார் அவன். நாந்தான் கோவிச்சு அனுப்பிட்டேன்.” ஐந்தாவது ‘ஏன்’ வருமுன்னே எழுந்து போய்விட்டார்.

நான் குறிப்பெழுத எடுத்த பேனாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். “ரிப்போர்ட் எழுதணுமா சார்?”

“வேணாம். அவருக்குப் புரிஞ்சிருச்சு.”

“எனக்குப் புரியலையே சார்.”

“ஏன்?” என்றார்.

கீழே டீக்கடைக்காரர் மட்டும்தான் இவரைச் சமாளிக்கத் தெரிந்தவர். “டீயை ஏன் இம்புட்டு உசரத்துல இருந்து ஆத்துறீங்க?” என்று சார் ஆரம்பித்தால், “ஏலே, இவருக்கு ஒரு வடையக் குடு” என்று உள்ளே பார்த்துச் சொல்வார். வாயில் வடை இருக்கும்போது கேள்வி வராது.

இப்படி இருக்கையில் கம்பத்திலிருந்து ஒரு திராட்சை மண்டி முதலாளி வந்தார். அவருடைய மகன் பெரிய கோல்டு ஸ்டோரேஜ் ஒன்று கட்ட ஆசைப்படுகிறான். கட்டலாமா, வேண்டாமா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்றார். சார் அந்த வேலையை முழுக்க என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரு மழைக்காலம் முழுக்கத் தோட்டம் தோட்டமாக அலைந்தேன். சேற்றில் செருப்பு அறுந்தது. அறிக்கையில் ‘கட்ட வேண்டாம்’ என்று எழுதுவேன். வீட்டுக்கு வந்து கயலுக்குச் சோறு ஊட்டும்போது, ஒருவேளை கட்டலாமோ என்று தோன்றும். காலையில் போய் அந்த வரியை அடித்துவிடுவேன். மத்தியானம் திரும்ப எழுதுவேன். ஒரு குடும்பத்தின் பணம் நம் சொல்லால் வீணாகிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தால் சாப்பாடு இறங்காது.

‘கட்ட வேண்டாம்’ என்றே அறிக்கை ஒருவழியாக முடிந்த வாரம் அத்தை ஒரு செய்தி சொன்னார். கூடலூரில் இருக்கும் அவர் மகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிவிட்டது. மாமியார் இல்லாத வீடு. “நான் போனா நாலஞ்சு மாசம் அங்கனதான். இந்தப் புள்ளைய யாருகிட்ட விடுவ? பேசாம வேலைய விட்டுருத்தா” என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை; வருத்தமாகத்தான் சொன்னார். கணவரிடம் கேட்டேன். “உன் இஷ்டம்” என்றார். எனக்கு என் இஷ்டம் என்னவென்று தெரிந்திருந்தால் அவரிடம் ஏன் கேட்கப்போகிறேன்?

சனிக்கிழமை கம்பத்தில் மண்டி முதலாளிக்கு அறிக்கையை நானே விளக்க வேண்டும். அது முடிந்ததும் வேலையை விடுவதாகச் சாரிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் வெள்ளிக்கிழமையே கூடலூரில் வலி கண்டுவிட்டது. அத்தை கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். கணவருக்குப் பகல் ஷிப்ட். சனிக்கிழமை காலை நான் ஒரு கையில் அறிக்கையும் இடுப்பில் கயலுமாக மண்டிக்குள் நுழைந்தேன். சார் எங்கள் இருவரையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்பதற்குள் அறிக்கையைப் பிரித்துவிட்டேன்.

திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று பேச ஆரம்பித்தேன். பன்னீர் திராட்சையில் கொட்டை உண்டு. கயல் ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாக்கியம் பேசுவதும், அவள் வாயில் விரல்விட்டுக் கொட்டையை எடுப்பதுமாக விளக்கம் நடந்தது. முதலாளி, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்தார்.

“எல்லாம் சரிதான் தாயி. ஆத்தாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்.”

பக்கத்துத் தெருவில் அவர்கள் குலதெய்வம் கோயில். பூக்கட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. பூசாரி வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்பு ரோஜா ஒன்றையும் தனித்தனியாக இலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் கட்டலாம். சிவப்பு வந்தால் கட்டக் கூடாது. பொட்டலத்தை எடுக்க விவரம் தெரியாத ஒரு குழந்தை வேண்டும். பூசாரி சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசியில் எல்லாருடைய பார்வையும் என் இடுப்புக்கு வந்தது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வெள்ளை வந்தால், ஒரு மழைக்காலம் முழுக்க நான் எழுதியதை நான் பெற்ற மகளே பொய்யாக்கிவிடுவாள். சிவப்பு வந்தால், ‘இதை ஆத்தாவே சொல்லிட்டா, உங்களை ஏன் கூப்பிட்டோம்’ என்று முதலாளி நினைப்பார். எந்தப் பூவுக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் பொதுவாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது கயல் பொட்டலத்தை எடுத்து, வாயில் போட்டு, மென்றுகொண்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. சாமி, கோயில், கிளையன்ட் எதுவும் நினைவில்லை. விரலை விட்டு அத்தனையையும் தோண்டி எடுத்துவிட்டேன். என் உள்ளங்கையில் இலையும் பூவும் அவள் வாயிலிருந்த திராட்சைச் சாறும் கலந்து கீரைக்கூட்டு மாதிரி ஓர் உருண்டை இருந்தது. பூசாரி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன நிறம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

“அந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரிச்சாத் தெரிஞ்சிரும்ல” என்றான் முதலாளியின் மகன்.

“அதைப் பிரிக்கக் கூடாது” என்றார் பூசாரி.

“ஏன்?” என்றார் எங்கள் சார்.

கோயிலுக்குள்ளே ஆரம்பித்துவிட்டார்.

“அது சாமி எடுத்துக் குடுக்காத பொட்டலம்.”

“சாமி ஏன் அதை அங்கன வச்சுச்சு?”

“சாமி வைக்கல. நாந்தான் வச்சேன்.”

“நீங்க ஏன் வச்சீக?”

“இவுக கேட்டாக.”

“இவுக ஏன் கேட்டாக?”

பூசாரி முதலாளியைப் பார்த்தார். சாரும் பார்த்தார். மகனும் பார்த்தான். முதலாளி அம்மனைப் பார்த்தார்.

“எனக்கு வேணாம்னுதான் தோணுது. இவன் மூஞ்சியப் பாத்தா சொல்ல வாய் வரல. வேற யாராச்சும் சொல்லிட்டா நல்லதுன்னு பாத்தேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு தாயி.”

“அறிக்கையில கடைசிப் பக்கத்துல என்ன எழுதியிருக்கேன்னா...”

“அது கெடக்கட்டும். இப்ப புள்ள வாயில விரலை விட்டியே, யோசிச்சா விட்ட? அந்த மாதிரிச் சொல்லு.”

“வேணாம்யா” என்றேன். “வருசம் பூரா ஏதாச்சும் ஒரு தோட்டத்துல பழ வெட்டு நடக்குது. வெட்டுன அன்னைக்கே கேரளாவுக்கு லாரி ஏறிருது. உள்ள வச்சுப் பூட்டுறதுக்கு என்னய்யா இருக்கு?”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மகன் அப்பாவைப் பார்த்து, “இதை வீட்லயே சொல்லிருக்கலாம்லப்பா” என்றான். அவர்கள் கட்டவில்லை. அது சரியா தப்பா என்று இன்று கேட்டாலும் எனக்குக் குழப்பம்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கயல் என் மடியில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல நேரம் வராது என்று ஆரம்பித்தேன்.

“சார், நான் திங்கக்கிழமையில இருந்து வர முடியாது.”

“ஏன்?”

“புள்ளையப் பாத்துக்க ஆள் இல்லை. அத்தை கூடலூர் போயிட்டாக.”

“நீ ஏன் பாத்துக்கக் கூடாது?”

“நான் ஆபீஸ்ல இருப்பேனே சார்.”

“புள்ள ஏன் ஆபீஸ்ல இருக்கக் கூடாது?”

“மத்தியானம் தூங்கணும் சார்.”

“ஏன் அங்க தூங்காது?”

“தூளி இல்லாமத் தூங்க மாட்டா.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். சின்னமனூரில் இறங்கும்போது “வர்றேன் சார்” என்றேன். எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி தலையை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று கணவரை நச்சரித்தேன். அவர் தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை ஆபீஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கயலோடு மாடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசும் பெரிய மேஜை சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. மேஜை முன்பு இருந்த இடத்துக்கு மேலே, விட்டத்துக் கொக்கியில் ஒரு தூளி தொங்கியது. புத்தம்புதுச் சேலை. கடைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அதற்குள் எங்கள் பழைய அறிக்கைக் கட்டுகளை அடுக்கி, ஒரு காலை முன்னே வைத்து, சார் மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

“கனம் தாங்குது. இப்படி ஆட்டணுமா, அப்படி ஆட்டணுமா?”

“எப்படி ஆட்டுனாலும் சரி சார்.”

“புள்ள எப்பத் தூங்கும்னு சொல்லிரு. ஆட்களை அதுக்குத் தக்கன வரச் சொல்லுவோம்.”

புதுச் சேலையில் யாரும் தூளி கட்டமாட்டார்கள், கஞ்சி மொடமொடப்பு குழந்தைக்கு உறுத்தும் என்று அவருக்கு யார் சொல்வது? நான் சொல்லவில்லை. அவர் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தேன். அது அறிக்கைக் கட்டுக்குப் போடுகிற முடிச்சு. அதையும் சொல்லவில்லை. கயலை மடியிலேயே வைத்துக்கொண்டு, அவர் டீ குடிக்கக் கீழே இறங்கும்வரை காத்திருந்தேன். அவருடைய தலை படிக்கட்டில் மறைந்ததும் அவளைத் தரையில் உட்காரவைத்து, தூளியிலிருந்த கட்டுகளை எடுத்துவிட்டு, மேஜையை இழுத்துப் போட்டு ஏறி, முடிச்சை அவிழ்த்து, ஒழுங்காகக் கட்டி, மேஜையைத் திரும்பச் சுவரோரம் தள்ளினேன்.

அவர் வந்தபோது கயல் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சார் நுனிக்கால் வைத்து நடந்து, கொக்கியை அண்ணாந்து பார்த்து, “நல்லாத்தான் கட்டிருக்கேன்ல?” என்று கிசுகிசுத்தார்.

“ரொம்ப நல்லாக் கட்டிருக்கீங்க சார்” என்றேன்.