முடிச்சூரில் நான் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு

வெளிநாட்டு அரசியலைக் கரைத்துக் குடித்தவனுக்கு எதிர்வீட்டில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. இது பொது விதி. நான் அதற்கு உயிருள்ள உதாரணம். (உயிர் கொஞ்சம்தான் மிச்சம்.)

வாலிபத்திலிருந்தே ஆசியத் தலைநகரங்களில் நிருபராக அலைந்தவன் நான். ராணுவம் வானொலி நிலையத்தைப் பிடித்த காலைகளில் தெருவில் நின்றிருக்கிறேன். நாற்காலியை விட்டு இறங்க மறுத்த தலைவர்களை ஆராய்ந்து முனைவர் பட்டமும் வாங்கினேன். கால் ஓய்ந்ததும் முடிச்சூரில் ஒரு ஃபிளாட்டில் வந்து விழுந்தேன். பார்த்ததையெல்லாம் ஒரே புத்தகமாக எழுதி முடிக்க வேண்டும், அதற்கு அமைதி வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை.

எங்கள் குடியிருப்பின் செயலாளர் ரஹ்மத்துல்லா பாய். குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அவரேதான் செயலாளர், தேர்தல் என்பதே நடந்ததில்லை. மோட்டார் ரூம், ஜெனரேட்டர், மொட்டைமாடி என எல்லாச் சாவியும் அவர் இடுப்பில் தொங்கும். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"வசந்தி, இந்த பாய் பதவியை விடவே மாட்டார். அறிகுறியெல்லாம் அப்படியே இருக்கு" என்றேன் மனைவியிடம்.

"உங்க புத்தகத்தைப் பாருங்க. தண்ணி ஒழுங்கா வருதில்ல?"

"எல்லா சர்வாதிகாரியும் ஆரம்பத்துல தண்ணி ஒழுங்காத்தான் விடுவான்."

ஆண்டுப் பொதுக்கூட்டம் கார் பார்க்கிங்கில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, கொசு, சமோசா. பாய் பேசி முடித்து, "வேற யாராவது ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டார். அத்தனை பேரும் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள். (அச்சத்தில் வாயடைத்துப்போன மக்கள் என்று நான் புரிந்துகொண்டேன். என் படிப்பு அப்படி.) எழுந்தேன்.

அதிகாரம் ஒரு போதை என்றேன். கொரியாவில் தொடங்கி, பர்மாவில் கொஞ்சம் இளைப்பாறி, இலங்கை வழியாக முடிச்சூர் வந்து சேர்ந்தேன். கடைசியில் விரலை நீட்டி, "உங்களால் இந்த நாற்காலியை விட்டு இறங்க முடியுமா, பாய்?" என்று முழங்கினேன்.

பாயின் கண்கள் கலங்கின. எனக்குத் திக்கென்றது. பெரிய மனுஷரை நாலு பேர் முன்னால் அழவைத்துவிட்டோமே!

அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நெசமாவா சார்? நீங்க எடுத்துக்குறீங்களா? வருஷா வருஷம் கேக்குறேன், ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க. மக வீட்டுக்குப் போனாக்கூட நிம்மதி இல்ல சார். லிஃப்ட் நின்னுடுச்சுன்னு அங்கயும் போன் வருது."

"இல்ல பாய், நான் கொள்கை அளவுலதான்…"

"நான் வழிமொழியறேன்!" என்று மூன்றாவது மாடி ஸ்டெல்லா மேடம் கத்தினார். முன்மொழிந்தது யார்? நான்தான் போலிருக்கிறது. செல்போன் மக்கள் எல்லாரும் நிமிர்ந்து கைதட்டினார்கள். இப்படி ஒருமனதான தேர்தலை ஆசியா முழுக்க நான் கண்டதில்லை. பாய் சாவிக்கொத்தை என் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மாடியேறிவிட்டார்.

சமோசாவை வாயில் வைப்பதற்குள் வாட்ச்மேன் முருகேசன் வந்து நின்றார். "சார், நீங்கதான புது செக்ரட்டரி? சம்ப்புல தண்ணி இல்ல, மோட்டாரு வேற சூடாயிகினு கீது. இன்னா பண்றது?"

வருடங்கள் ஓடிவிட்டன. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே செய்தி எழுதி அனுப்பிய எனக்கு, தண்ணீர் லாரிக்கும் டிரெய்னேஜ் அடைப்புக்கும் நடுவே ஒரு பத்தி எழுத முடியவில்லை. புத்தகம் மூன்றாம் அத்தியாயத்திலேயே கிடக்கிறது. கூட்டம்தோறும் நானும் கெஞ்சிப் பார்க்கிறேன், ஒருவரும் நிமிர்வதில்லை. மற்றவர்களைவிடத் தீவிரமாகச் செல்போனைப் பார்ப்பவர் பாய்தான்.

எந்த நாட்டிலாவது ஒரு தலைவர் பதவி விலக மறுக்கிறார் என்று டிவியில் செய்தி வந்தால் போதும், என் மகள் என் பக்கம் திரும்புவாள். "நிபுணர் என்ன சொல்றார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தி முந்திக்கொள்வாள்.

"பாவம்டி. அவருக்கும் ஆள் கிடைச்சிருக்காது."