நடுச்சீட்டில் நான்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும், என் இடுப்பைத் தவிர, நலம். அங்கே நீயும் அத்தானும், அத்தானின் புதுப் பல்செட்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்கா, முதலில் உட்கார்ந்துகொள். நாங்கள் உங்கள் ஊருக்கே குடிவருகிறோம்! எப்படி முடிவானது என்று சொல்கிறேன், நடுவில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகாதே.

உங்கள் ஊர் மருத்துவமனையில் இவளுக்குத் தலைமை நர்ஸ் வேலை வந்திருப்பதும், நான் மாட்டவே மாட்டேன் என்று பத்து நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்ததும் உனக்குத் தெரியும். போன புதன்கிழமை காலையில் திடீரென்று இவள், "கிளம்புங்க, சீட்டு பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரு அம்மாள் படச்சீட்டு வைத்துப் பலன் சொல்கிறாள். ஊருக்கே அவள் சீட்டம்மாதான். முன்பு தட்டச்சு சொல்லிக்கொடுத்தவளாம். சீட்டு அடுக்குவதிலேயே அது தெரிகிறது, ஓரம் நூலளவு பிசகாது. சீட்டுக்கட்டிலிருந்து பதினாறு சீட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தாள். நாலு ராஜா, நாலு ராணி, குதிரைமேல் நாலு வீரர்கள், நாலு இளவட்டங்கள். "கேள்வி யாரைப் பத்தினதோ அவங்களுக்குன்னு ஒரு சீட்டு எடுங்க. அதை நடுவுல வச்சாதான் மத்த சீட்டெல்லாம் யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சு பேசும்" என்றாள். நான் யோசிக்கவேயில்லை. வாள் பிடித்த ராஜாவை எடுத்து டப்பென்று நடுவில் வைத்தேன். எங்களுக்கு அடுத்துக் காத்திருந்த முடிதிருத்துகிறவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, இந்தத் தாடைக்கு ராஜா எடுபடாது" என்றார்.

இவள் ராஜாவை எடுத்து மரியாதையாக ஓரம் கட்டினாள். சரி, வேலை இவளுக்கு வந்திருக்கிறது, ராணியைத்தானே எடுப்பாள் என்று பார்த்தால், ஒரு இளவட்டத்தை எடுத்து நடுவில் வைக்கிறாள்! அக்கா, அந்தப் படத்தை நீ பார்க்கவேண்டும். பூப்போட்ட சட்டை, கையில் ஒரு கிண்ணம், கிண்ணத்திலிருந்து ஒரு மீன் எட்டிப் பார்க்கிறது, பயல் அதோடு பேச்சு வார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறான். "இது யாரு?" என்றேன். "நீங்கதான்." "வேலை உனக்கு, சீட்டு எனக்கா? அதுவும் மீனோட பேசறவனா?" "அந்த முழியைப் பாருங்க, அப்படியே நீங்க. பேசாம உக்காருங்க." முடிதிருத்துகிறவர் எழுந்து நின்று பார்த்து, "அச்சு அசல்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! சீட்டைப் பிடுங்கினேன், இவள் விடவில்லை, நான் இழுக்க இவள் இழுக்க, அது இரண்டு பேர் கையிலிருந்தும் நழுவிப் பறந்து, திறந்திருந்த வாசல் வழியாகப் போய், எதிரே அப்போதுதான் வந்து நின்ற லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள சந்தில், கடிதம் போட்டதுபோல உள்ளே போய்விட்டது.

சீட்டம்மா நெஞ்சில் கை வைத்தாள். "ஒரு சீட்டு கொறைஞ்சாலும் கட்டு ஊமைங்க!" நான் விடுவேனா? இருபத்தொன்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக். படியில் தடதடவென்று இறங்கி, காவலாளியிடம் சாவி வாங்கி, மெயினை அணைத்து, கீழ்க்கதவைத் திறந்து லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்கினேன். அணைப்பதற்கு முன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று எத்தனை பேருக்குப் பாடம் சொல்லியிருப்பேன்! தேட உதவலாம் என்று முடிதிருத்துகிறவர் லிஃப்டில் ஏறியிருக்கிறார். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோய், "அண்ணே, இருட்டா இருக்குண்ணே! பாத்து மெதுவா தேடுங்க, ஆனா சீக்கிரம் தேடுங்க!" என்று தலைக்கு மேலே கத்துகிறார். சீட்டு ஒரு மூலையில் எண்ணெயில் கிடந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

இவள் வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கி, கட்டைவிரலால் இடுப்பில் ஒரு இடத்தை அழுத்தினாள். உயிர் போய் வந்தது. அந்த இருட்டில், முகம் தெரியாததாலோ என்னவோ, பத்து நாளாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். "இந்த ஊர்ல எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் என்னைத் தெரியும். அங்க எனக்கு யாரைத் தெரியும்? நீ காலையில டூட்டிக்குப் போயிடுவ. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்." இவள் கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தி அழுத்தினாள். அப்புறம், "எல்லா ஊர்லயும் லிஃப்ட் கெட்டுப்போகும்ங்க" என்றாள்.

அக்கா, இது எனக்கு ஏன் தோன்றவில்லை? சிரித்துவிட்டேன், சிரித்ததில் இடுப்பு மறுபடி பிடித்தது. "வரேன்டி, முதல்ல என்னை மேல ஏத்து" என்றேன். மேலே இருந்து, "முடிவு பண்ணியாச்சுன்னா மெயினைப் போடுங்கண்ணே" என்று குரல் வந்தது.

எல்லோரும் திரும்ப மூன்றாம் மாடிக்குப் போனதும், எண்ணெய்க் கறையோடு அந்தச் சீட்டை நடுவில் வைத்து, சுற்றிப் பத்துச் சீட்டு விரித்து, "பயணம் இருக்கு, ஜோடியாத்தான் இருக்கு" என்றாள் சீட்டம்மா. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு! ஆக, என்னுடைய ஒரு சொல்லுக்காக இவள் இத்தனை நாள் பொறுமையாகக் காத்திருந்தாள் பார், அதுதான் குடும்பப் பெண். நாளைக்குத்தான் சம்மதக் கடிதம் அனுப்பச் சொல்லப்போகிறேன். நீ உடனே உன் வீட்டுப் பக்கமாக ஒரு வீடு பார். நாலைந்து மாடிக் கட்டடமாக, பழைய லிஃப்டாக இருந்தால் விசேஷம்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேத்திக்கு முத்தங்கள். எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது இவளிடம் சொன்னேன், நாளைக்குச் சம்மதம் எழுதி அனுப்பிவிடு என்று. சீட்டு பார்த்ததற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிட்டாளாம்! "அப்ப புதன்கிழமை என்னத்துக்கு சீட்டு பாத்தோம்?" என்றேன். "உங்களைக் கூட்டிக்கிட்டுப் போறதா வேண்டாமான்னு" என்கிறாள். உள்ளே ஓடிப்போய் இவள் ஊருக்கென்று கட்டி வைத்திருக்கிற பெட்டியைத் திறந்து பார்த்தேன் அக்கா. என் சட்டைகளையும் மடித்து வைத்திருக்கிறாள். வீடு பார்!