சாதுவின் துப்பாக்கி

கண்ணாடிக்கடைக்காரரைத் தெருவே 'சாது' என்றுதான் கூப்பிடும். பவர் பார்க்க வருகிறவர்கள்கூட, "சாது, இந்த ஃபிரேம் மூக்குல உட்காரவே மாட்டேங்குதே" என்பார்கள். உள்ளுக்குள் எரிமலையாய்க் கொதிப்பார். வெளியே, "கொடுங்க, முறுக்கித் தர்றேன்" என்பார்.

கொதிப்பதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் பழைய துப்பாக்கி கைக்குக் கிடைத்ததும் அவர் தீர்மானித்துவிட்டார். இதைக் கூடத்துச் சுவரில் மாட்டுவது. அப்புறம் எவன் சாது என்கிறான், பார்ப்போம்!

குழலுக்குள் சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. விசையை இழுத்தால் துரு கொட்டியது. அதனால் என்ன, பார்க்கிறவனுக்குத் துப்பாக்கிதானே?

"எங்க மாட்டப் போறீங்க?" என்றாள் மனைவி.

"அதோ, அந்த ஆணியில."

"அதுல எங்க அம்மா படம் இருக்கு."

"அத்தை உள்ரூமுக்குப் போகட்டும். இத்தனை வருஷம் கூடத்துல இருந்து என்னை முறைச்சது போதும்."

அவள் பதில் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால்தான் பயப்பட வேண்டும் என்பது, துப்பாக்கி பிடித்த தெம்பில் அவருக்கு மறந்தேபோயிற்று. "இதைப் பதிவு பண்ணியிருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பண்ணியிருக்கவில்லை. இருவருமாக உரிம அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே விதிகளைக் கேட்கக் கேட்க அவருக்குத் தலை சூடேறியது. பதியாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். விற்கக் கூடாது, யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் கூடாதாம். சொந்தப் பேரனாகவே இருந்தாலும், விசாரித்துப் பார்த்துத்தான் அவன் பேருக்கு மாற்றுவார்களாம்.

"குழலை மட்டும் கழட்டி மாட்டிக்கிட்டா?"

"குழலும் துப்பாக்கிதான் சார்" என்றார் அதிகாரி.

"விசை?"

"அதுவும் துப்பாக்கிதான்."

ஒரு துப்பாக்கியைக் கழற்றிப் போட்டால் நாலு துப்பாக்கியா? இது எந்த ஊர்க் கணக்கு? என் பரண், என் தாத்தா, நடுவில் நீ யாருய்யா? இத்தனையும் அவர் மனசுக்குள் கேட்டது. வாய் சொன்னது: "ரொம்ப நன்றி சார்."

அவர் இப்படிக் கவுன்டரில் வெந்துகொண்டிருந்தபோது, மனைவி பெஞ்சில் உட்கார்ந்து அந்த அலுவலகத்துக் குமாஸ்தா அம்மாளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். சில நாள் கழித்து அதே அதிகாரி வீட்டுக்கு விசாரணைக்கு வந்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே மனைவியிடம் கேட்டார்:

"வீட்டுக்காரர் எப்படிம்மா? கோபப்படுவாரா?"

"இவரா? பச்சப்புள்ளைங்க! பல்லி விழுந்தா நாற்காலி மேல ஏறி நிப்பாரு."

"ஏய்!"

"ஒருத்தன் உட்கார்ந்து நசுக்கின கண்ணாடியைக் கொண்டாந்து, புதுசா மாத்திக் கொடுன்னான். சிரிச்சுக்கிட்டே மாத்திக் கொடுத்தாரு. தெருவுல இவர் பேரே சாதுதாங்க."

அதிகாரி சிரித்தார். "அப்போ சாதுன்னே எழுதிக்கிறேன்."

அவ்வளவுதான். அத்தனை வருஷத்துக் கொதிப்பும் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

"எழுதாதீங்க! யாருய்யா சாது? எனக்குக் கோபம் வந்தா இந்தத் தெரு தாங்காது! போன வாரம்கூடத் தட்டைத் தூக்கி எறிஞ்சேன்!"

"எப்போங்க?" என்றாள் மனைவி, நிஜமான ஆச்சரியத்தோடு.

"எறியணும்னு நினைச்சேன்! இன்னொரு தடவை எவனாவது சாதுன்னு சொல்லட்டும், அவனை என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது!"

மேசையில் ஓங்கி ஒரு குத்து. டீ டம்ளர் துள்ளி அதிகாரியின் மடியில் விழுந்தது.

அதிகாரி எழுந்து பேன்ட்டை உதறினார். "போதும் சார். கோபக்காரர் கையில ஆயுதம் தரக் கூடாதுங்கிறது முதல் விதி. உங்க பேருக்கு மாத்த முடியாது."

கண்ணாடிக்கடைக்காரர் ஓடிப்போய்த் துண்டை எடுத்து நீட்டினார். "சார், நான் சாதுதான் சார். தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க சார்."

"வேணும்னா வீட்டுல இன்னொருத்தர் பேருக்கு மாத்தலாம். அம்மா, நீங்க நிதானமா இருக்கீங்களே?"

"ஐயோ, எனக்கெதுக்குங்க?" என்று தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள் அவள். "சரி, இவர் தாத்தா சாமானாச்சே. எங்க கையெழுத்துப் போடணும்?"

அடுத்த மாதம் துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. சுவருக்கு அல்ல, இரும்புப் பெட்டிக்கு. உரிமம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது என்பது கடைசி விதி.

"நீ வேணும்னே பண்ணியிருக்கே!" என்று குதித்தார்.

"அந்தக் குமாஸ்தா அம்மா அன்னைக்கே சொன்னாங்க, கோபக்காரங்களுக்குத் தர மாட்டோம்னு. அதான் நான் உங்களைச் சாதுன்னு சொன்னேன். நல்லதுதானே சொன்னேன்?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் நியாயம் அவள் பக்கம்தான் நின்றது. அவர் பெருமூச்சு விட்டார்.

"சரி, ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கிறேன். சாவியைக் கொடு."

"உரிமக்காரி பக்கத்துல நிக்கணும்."

"வந்து நில்லேன்!"

"உரிமக்காரிக்குப் பாத்திரம் கழுவுற வேலை கிடக்கே."

அவர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"முதல்ல அந்த அடிப்பிடிச்ச சட்டியை எடுங்க" என்றாள் உரிமக்காரி.