மன்ற வண்டி சூடானது குறித்த இறுதி அறிக்கை

உலகத்தில் இன்ஜின்கள் சூடாவது புதிதல்ல. ஆனால் மூன்று பேர் கொண்ட குழுவின் மேற்பார்வையில், நான்கு கூட்டங்களின் தீர்மானங்களுக்கு உட்பட்டு, முறைப்படி சூடான இன்ஜின் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமை நகர மன்றத்துக்குச் சொந்தமான எழுபது வயதுக் கறுப்பு வண்டியைச் சேரும். அதன் வரலாற்றை ஓர் எழுத்து விடாமல் தட்டச்சு செய்தவள் மன்றத்தின் டைப்பிஸ்ட். வண்டியை ஓட்டியவர் அவள் கணவர்.

அது லேசுப்பட்ட வண்டி அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை, மன்றம் தொடங்கிய நாளன்று, தலைவரை ஏற்றிக்கொண்டு கடைவீதி வழியாக ஊர்வலம் போகும். மற்ற நாட்களில் கொட்டகையில் நின்று துடைக்கப்படும். பதவிக்கு வந்த தலைவர் ஒவ்வொருவரும் அதற்கு ஏதாவது நன்மை செய்தார்கள். ஒருவர் பெயின்ட் அடித்தார். ஒருவர் ஹாரனை மாற்றினார். ஒருவர் பின்சீட்டுக்கு மெத்தை போட்டு, மக்கள் நலன் கருதி அதில் அவரே உட்கார்ந்தார். நன்மை செய்த கையோடு, 'இன்னாரின் பொற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டது' என்று இரண்டு உள்ளங்கை அகலத்தில் பித்தளைத் தகடு ஒன்றை வண்டியின் முகப்பில், இன்ஜின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகும் கிரில்லின்மேல் திருகிவிட்டுப் போனார்கள். பொற்காலங்கள் பதினொன்று ஆகியிருந்தன. கிரில்லில் மிச்சமிருந்தது ஒரு மூலை.

ஒரு வருடம் ஊர்வலத்தின் பாதி வழியில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. தலைவர் மீதி தூரத்தை நடந்தார். அவர் நடப்பார் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாள் காலை மேலாளர் ஒரு குறிப்பைக் கொண்டுவந்து டைப்பிஸ்டின் மேசையில் வைத்தார்.

"அம்மா, இதைக் கொஞ்சம் அடிச்சிடுங்க. டிரைவருக்கு மெமோ."

"எந்த டிரைவருக்கு சார்?"

"நம்மகிட்ட எத்தனை டிரைவர் இருக்காங்க? மனசுல வச்சுக்காதீங்கம்மா. இது ஆபீஸ், அது குடும்பம். ரெண்டையும் குழப்பக் கூடாது."

'மன்றச் சொத்தை மன்றத்தின் முன் அனுமதி பெறாமல் சூடாக்கியதற்கு' விளக்கம் கேட்டது மெமோ. அடுத்த ஊர்வலத்திலும் வண்டி நின்றால் வேலை போகும் என்றது. அந்த ஊர்வலம் முடிந்து இரண்டாம் மாதம் அவர் ஓய்வு பெற வேண்டும். முப்பத்தொரு வருடம் ஓட்டியவர் கடைசி இரண்டு மாதத்தில் துரத்தப்படுவார்.

மெமோவை அவளே கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"நல்லா அடிச்சிருக்க."

"சிரிக்காதீங்க. வேலை போயிடும்னு போட்டிருக்கு."

"நீதானே போட்ட?"

அதன்பின் அவர் இன்ஜினைச் சோதிக்கத் தொடங்கினார். தண்ணீரை வடித்துத் துருவைக் கழுவினார். குழாய்களை அமுக்கிப் பார்த்தார். பம்பைக் கழற்றி மாட்டினார். பெல்ட்டை மாற்றினார். சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டை வீட்டுக்கே கொண்டுவந்து, பால் காய்ச்சும் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தார். கொதி வந்ததும் அதன் வால்வு ஒழுங்காகத் திறந்தது.

"இதுக்கு ஒரு நோயும் இல்ல" என்றார்.

"பாத்திரத்துக்கு வந்திருச்சு" என்றாள் அவள்.

மறுநாள் மதியம் தட்டச்சு அறை வாசலில் வந்து நின்றார். "மேடம், ஒரு வெள்ளைத் தாள் கிடைக்குமா? மன்றச் சொத்துதான். அனுமதி வாங்கணுமா?"

இன்ஜினை ஓடவிட்டுத் தாளை முகப்பில் வைத்தார். உள்ளே சுழலும் விசிறி காற்றை இழுத்தால் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். காலி மூலையில் வைத்தபோது ஒட்டியது. தகடுகள்மேல் வைத்தபோது வழுக்கிக் கீழே விழுந்தது. பதினொரு இடத்திலும் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தகடுகளை எல்லாம் கழற்றிவிட்டு, நீர்த்தொட்டி மேடுவரை ஏற்றி இறக்கினார். வெப்பமானியின் முள் நடுவை விட்டு நகரவில்லை. தகடுகளைப் பழையபடி மாட்டிவிட்டு, நடந்ததை அரைப் பக்கத்தில் மனுவாக எழுதினார்.

அரைப் பக்க மனுவை அப்படியே ஏற்றுக்கொள்வது நிர்வாகத்துக்கு அழகல்ல. எனவே 'வெப்பநிலை ஆய்வுக் குழு' அமைந்தது. மேலாளர் அதன் தலைமை. கட்டடப் பொறியாளர் உறுப்பினர், ஏனென்றால் அவர் பொறியாளர். தோட்டக் கண்காணிப்பாளரும் உறுப்பினர், ஏனென்றால் விஷயத்தில் தண்ணீர் இருந்தது. டைப்பிஸ்ட் குறிப்பெடுத்தாள்.

முதல் கூட்டத்தில், சூடு என்றால் என்ன என்று இரண்டு மணி நேரம் பேசி, சூடு இருப்பதாக முடிவு செய்தார்கள். இரண்டாம் கூட்டத்தில், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தண்ணீர் ஊற்றலாம் என்றார் தோட்டக் கண்காணிப்பாளர். வேரில் ஊற்ற வேண்டும் என்று பழக்க தோஷத்தில் சேர்த்தும் சொன்னார். மூன்றாம் கூட்டம் கொட்டகையில் நடந்தது. ஓட்டுநர் தாளை வைத்துக் காட்டினார். தாள் விழுந்தது. குழு அதை ஆழ்ந்து கவனித்தது.

"தாளோட எடை காரணமா இருக்கலாம்" என்றார் கட்டடப் பொறியாளர்.

"அதே தாள்தான் சார் அந்த மூலையில ஒட்டுது."

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "சரிப்பா, இப்ப எந்தத் தகட்டைக் கழட்டணும்ங்கற?"

"எல்லாத்தையும் சார்."

"எல்லாத்தையுமா! மூணாவது தகட்டுக்காரர் இப்ப அமைச்சர். ஏழாவது, நம்ம தலைவரோட மாமனார். முதல் ரெண்டு பேரும் உயிரோடயே இல்ல. செத்தவங்ககிட்ட எப்படிப்பா அனுமதி வாங்கறது?"

"ஊர்வலம் நடக்கற அந்த ஒரு நாளைக்கு மட்டும் கழட்டினாப் போதும் சார்."

"அந்த ஒரு நாள்தானே எல்லாரும் பார்க்கறாங்க?"

இந்த வாதத்துக்கு இன்ஜினிடமும் பதில் இல்லை. அலுவலகத் தாளின் தரத்தை உயர்த்துவது என்று தீர்மானமாயிற்று.

நான்காம் கூட்டம் பிரச்சினையின் ஆணிவேரையே பிடித்துவிட்டது. வண்டி சூடாகிறது என்று யார் சொன்னது? வெப்பமானியின் முள். அது சிவப்புக்குப் போவதால்தானே பதற்றம்? 'ஓட்டுநரின் கவனம் சிதறாதிருக்கும் பொருட்டு' வெப்பமானியின்மேல் பழுப்புத் தாள் ஒட்டப்பட்டது. ஒட்டிய நாளிலிருந்து வண்டி ஒரு தடவைகூடச் சூடாகவில்லை என்று குறிப்பில் பதிவானது. அவளே பதிந்தாள்.

ஊர்வலத்தன்று காலை அவள் கேட்டாள்: "இன்னிக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வீட்டுல இருந்துடுங்களேன்."

"வேற யாராவது ஓட்டுவாங்க. அவனுக்கு இதோட வாசனை தெரியாது. கொதிக்கறதுக்கு முன்னாடி ஒரு வாசனை வரும்" என்றார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தட்டச்சு அறை ஜன்னலிலிருந்து கடைவீதி தெரியும். வாத்தியக் குழுவுக்குப் பின்னால் வண்டி நடைவேகத்தில் வந்தது. பதினொரு தகடுகளும் வெயிலில் கண்ணைப் பறித்தன. விழா மேடைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வண்டியை ஓரங்கட்டினார். வாசனை வந்திருக்க வேண்டும். பின்சீட்டிலிருந்து தலைவர் முன்னால் எக்கி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதை வாத்தியக்காரர் ஒருவர் பிறகு அவளிடம் சொன்னார்.

"என்னய்யா நிறுத்திட்ட?"

"கொதிக்குது சார். அரை மணி நேரம் ஆறணும். இப்ப ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது."

"அரை மணியா? மேடையில எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க. திறந்து தண்ணியை ஊத்திட்டு எடு. இல்லன்னா சாவியைக் கொடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போ."

அவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியை அரைச் சுற்றுத் திருப்பினார். வெள்ளையாக ஆவி எழுந்தது. ஜனங்கள் அதை விழாவில் ஓர் அம்சம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஜன்னலில் நின்ற அவளுக்கு அந்தக் கைதட்டல் நன்றாகக் கேட்டது.

முகம், கழுத்து, மார்பு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

மன்றம் இரண்டு நிமிடம் மௌனம் காத்தது. ஒன்றரை நிமிடத்தில் யாரோ இருமியதால் மீதியை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தது. கிரில்லில் மிச்சமிருந்த மூலையில் அவர் பெயரில் பித்தளைத் தகடு பொருத்தவும் ஒருமனதாகத் தீர்மானித்தது. மேலாளர் அவளைத் தேடி வந்து இதைச் சொன்னார்.

"வேண்டாம் சார். அந்த ஒரு மூலையாவது மூச்சு விடட்டும்" என்றாள்.

"பெரிய மனசும்மா உங்களுக்கு." கையிலிருந்த காகிதக் கட்டை அவளிடம் நீட்டினார். "குழுவோட இறுதி அறிக்கையை அடிக்கணும். வேற யாருகிட்டயாவது கொடுக்கலாம்தான். ஆனா உங்களை மாதிரி அடிக்க ஆள் இல்ல. எல்லாம் எழுதியாச்சு. 'ஓட்டுநர் இறந்ததற்குக் காரணம்'ங்கற இடம் மட்டும் காலியா இருக்கு. அவரு கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு, அஜாக்கிரதை... எனக்கு அதை எழுத மனசு வரல. நீங்களே பார்த்துப் பொருத்தமா போட்டுக்குங்க."

அன்று சாயங்காலம் அவள் கொட்டகைக்குப் போனாள். தகடுகளைப் புடவைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்து, பெயர்களைப் பென்சிலால் எழுதிக்கொண்டாள். காலையில், 'ஓட்டுநர் இறந்ததற்குக் காரணம்' என்று காலியாக இருந்த இடத்தில், பதவிக்கு வந்த வரிசைப்படி, பட்டங்களுடன், பதினொரு பெயர்களையும் அடித்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டையும் போட்டாள்.

மேலாளர் அறிக்கையைப் புரட்டினார். பெயர்கள் வந்த பக்கத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"எல்லாரையும் ஞாபகமா போட்டிருக்கீங்களே! தலைவரோட மாமனாருக்கு மட்டும் 'மாண்புமிகு' விட்டுப்போச்சு பாருங்க."

சேர்த்துக் கொடுத்தாள்.

"குழுவும் இவ்வளவு பாடுபட்டிருக்கு. எங்க பேரும் இதே பக்கத்துல வந்தா மரியாதையா இருக்கும், இல்லயா?"

"இவங்களுக்குக் கீழயே இடம் விட்டிருக்கேன் சார்."

மூன்று பேரும் அங்கே கையெழுத்துப் போட்டார்கள். தலைவர், பதினொன்றாவதாக இருந்த தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, 'முழுமனதுடன் ஏற்கிறேன்' என்று பச்சை மையில் எழுதி முத்திரை வைத்தார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ மன்றங்கள் இருக்கின்றன. எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். நாங்கள்தான் கொன்றோம் என்று தலைவர் முதல் தோட்டக் கண்காணிப்பாளர் வரை அத்தனை பேரும் பெயர் கொடுத்து ஒப்புக்கொண்ட பெருந்தன்மை வேறெந்த மன்றத்துக்கும் வாய்த்ததில்லை. அறிக்கைக்கு மூன்று பிரதிகள். ஒன்று அவளிடம் இருக்கிறது.