காப்பி சாரின் கறுப்புப் பெட்டி

வீடு தேடி வந்து "காப்பி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போகிற ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் எங்கள் காப்பி சார்தான்.

சித்தூரில் அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்குக் குடியிருந்தேன், கீழே அவர் இருந்தார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நான் குடிவந்த அன்றைக்கே மாடியேறி வந்தார். "டீச்சர், உங்க கல்யாண போட்டோ, ஊர் போட்டோ எதுக்கினா காப்பி இருக்கா?" என்றார். கடைசி இரண்டு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. சாமான்களை ஒதுக்கி, அடுப்பைப் பற்றவைத்து, நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து வைத்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"குடிக்கிறதைக் கேக்கல டீச்சர். நகலு!"

தெரு முழுக்க இதே கதைதான். எல்லா வீட்டிலும் காப்பி போட்டு ஏமாந்திருக்கிறார்கள். அதனால் வந்த பெயர்.

டி.வி. இருக்கவேண்டிய இடத்தில் அவர் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது, அரிசி டின் உயரத்துக்கு. உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அதில் ஓர் 'அறை' ஒதுக்கி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்திருந்தார். போட்டோ, வீடியோ, பேச்சு, பாட்டு எதை வேண்டுமானாலும் வீட்டிலிருந்தபடியே போனில் அனுப்பிப் பத்திரப்படுத்தலாம். மே மாதத்தில் டேபிள் ஃபேன் பெட்டியைப் பார்த்துச் சுழலும். விருந்தாளிக்குப் பனையோலை விசிறி. "உங்களுக்கு வேர்த்தா துடைச்சிக்கலாம். அது இன்னா பண்ணும்?" என்பார்.

இத்தனை பைத்தியம் ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "எங்க நைனா சர்ச்ல பாடின கேசட்டு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சி. பூஞ்சை துன்னுடுச்சி. மூஞ்சி போட்டோல கீது டீச்சர். கொரலை எங்க போய்த் தேடறது?" என்று சொல்லிவிட்டு, ஃபேனைப் பெட்டிப் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை அந்தப் பெட்டி எழுந்திருக்கவில்லை.

முதலில் வந்தவர் தையல் அக்கா. குவைத்தில் வேலை செய்து அங்கேயே இறந்துபோன அவருடைய வீட்டுக்காரர் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. அவருடைய பழைய போன் மழையில் நனைந்து போனபின், வேறெங்கும் இல்லை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கழுத்தில் இஞ்ச் டேப்போடு வாசற்படியிலேயே நின்றார்.

அடுத்து எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர். தெலுங்கு மீடியம் பள்ளியில் எத்தனையோ வருஷம் பிரம்பைச் சுழற்றியவர். அவருடைய கவலை வேறு மாதிரி. "ஏமண்டி, ரிப்பேருன்னு சொல்லிகினு என் ரூமை எவனும் தெறக்கக் கூடாது. போனா போவுது. தெறந்தீங்க, நான் ஊர்லயே இருக்க மாட்டேன்!"

அப்படி என்னதான் வைத்திருக்கிறார்? அன்றைக்கு முழுக்க எனக்கு வகுப்பில் கணக்கே ஓடவில்லை.

சாயங்காலம் காப்பி சார் விளக்கினார். "டிஸ்க்கு நாலும் நல்லாத்தான் கீது. பெட்டியைத் தட்டி எழுப்ப ஒரு பென் டிரைவ் வெச்சிருந்தேன் பாருங்க, அது செத்துடுச்சி. எந்த ரூம் யாருது, யாருக்கு எந்த சாவி, எல்லா செட்டிங்கும் அதுலதான். இப்ப எழுப்பினா தன் பேரே தெரியாம முழிக்கும்."

"அந்த செட்டிங்குக்குக் காப்பி இருக்கா சார்?"

கேட்டது நான்தான். தெருவில் யாரும் அவரைக் கேட்டிராத கேள்வி. அவர் முகம் எப்படியோ ஆயிற்று. "திருப்பதியில இருக்கும்" என்றார்.

திருப்பதியில் அவருடைய அக்கா வீட்டில் இன்னொரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். சித்தூரில் இடியே விழுந்தாலும் ஒரு நகல் தப்பவேண்டும் என்று, இங்கே சேர்வதெல்லாம் இணையம் வழியாக அங்கேயும் போக ஏற்பாடு. செட்டிங்கையும் சேர்த்து அனுப்பும்படி போன வருஷம்தான் செய்தாராம். மறுநாள் விடுமுறை. பஸ் ஏறினோம். நான் எதற்குப் போனேன் என்று கேட்டால், ஹெட்மாஸ்டரின் அறைதான் காரணம் என்று வெட்கமில்லாமல் சொல்லுவேன்.

அக்கா வீட்டுச் சமையலறையில் பெட்டி உயிரோடுதான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அதன் தலைமேல் தோசைமாவுப் பாத்திரம்.

"கதகதன்னு இருக்குதுடா. குளிர்லகூட மாவு எப்டி பொங்குது தெரியுமா?" என்றார் அக்கா பெருமையாக.

"அது போவட்டும்க்கா. பின்னாடி நீல ஒயர் ஒண்ணு இருந்துச்சே?"

"அதுவா? நீளமா, நல்லா கெட்டியா இருந்துச்சி. சும்மாதான தொங்கிகினு இருக்குதுன்னு..." அக்கா கொல்லைப்புறம் கைகாட்டினார். இரண்டு கம்பத்துக்கு நடுவே அந்த நீல நெட்வொர்க் கேபிள் விறைப்பாகக் கட்டியிருந்தது. அதில் மூன்று புடவையும் ஒரு போர்வையும் காய்ந்துகொண்டிருந்தன.

கட்டி இரண்டு வருஷம் ஆகிறதாம். சித்தூர்ப் பெட்டியோ ஒவ்வொரு வாரமும் 'திருப்பதிக்கு நகல் போகவில்லை' என்று அவருக்குச் செய்தி அனுப்பியபடிதான் இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொன்னவர், தனக்கு வந்ததைப் படிக்கவில்லை.

"அவசரம்னா துணியை எடுத்துடறேன்டா" என்றார் அக்கா. காப்பி சார் உட்கார்ந்து ஒரு தோசை தின்றார். மாவு நன்றாகத்தான் பொங்கியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டியதும் அவர் போனை எடுத்தார். எதையோ படித்தார், நெற்றியைச் சொறிந்தார், மறுபடி படித்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார். "டீச்சர், இந்தப் பெட்டி தன் சொந்த சாமான் கொஞ்சத்தை பெரிய டிஸ்க்குலயே ஒளிச்சி வெக்குமாம். செட்டிங்கையும் சேர்த்து வெச்சிருந்தா?"

சனிக்கிழமை மத்தியானம் ஆபரேஷன். முதல் வேலையாக நான்கு டிஸ்க்குகளின் ஒயர்களையும் பிடுங்கினார். "புதுசா சாஃப்ட்வேர் ஏத்தும்போது எந்த டிஸ்க்குலன்னு கேக்கும். கை தவறி இதுல ஒண்ணைச் சொன்னா, தெருவே காலி." புதிதாக வாங்கிய சின்ன டிரைவில் சாஃப்ட்வேரை ஏற்றி முடித்து, பெட்டியை அணைத்து, டிஸ்க்குகளை மறுபடி மாட்டினார். கண்ணை மூடி உதட்டை அசைத்தார். பட்டனை அழுத்தினார்.

அறைகள் எல்லாம் திரையில் வந்துவிட்டன. தையல் அக்கா கைகூப்பினார். ஆனால் எதற்கும் பூட்டு இல்லை. யாருடையதை வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஜன்னலுக்கு வெளியே ஹெட்மாஸ்டர், "வொத்தண்டி! தெறக்காதீங்க!" என்று கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

என் விரல் தன்னால் மவுஸ் பக்கம் நகர்ந்தது. காப்பி சார் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது என் வீட்டுப் பெட்டி டீச்சர். உள்ள இருக்கிறது என்னுது இல்லை."

அவர் திறந்தது ஒன்றே ஒன்றுதான்: கண்ணுக்குப் படாமல் பெட்டி தனக்கென்று வைத்திருந்த இடம். உள்ளே ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்டு செட்டிங்கின் நகல்கள், வரிசையாக, கடைசியாகப் புதன்கிழமை வரைக்கும்.

"திருட்டுப் பயலே!" என்று பெட்டியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "நான் சொல்லாமயே காப்பி எடுத்துகினு இருந்திருக்கியா!"

புதன்கிழமை நகலை எடுத்து ஏற்றினார். பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தது. பெயர், பூட்டு, சாவி எல்லாம் பழையபடி.

தையல் அக்கா தன் போனைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார். "இன்னா, துன்னியா? மிஷின்லயே குந்திகினு இருக்காத, எழுந்து போய் துன்னு." அவ்வளவுதான். அக்கா அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

அந்த நெகிழ்ச்சியில் ஹெட்மாஸ்டரும் உருகிவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எவருக்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று போனை நீட்டினார். பழைய சினிமா டூயட்டுகள். ஆண் குரலும் அவரே, பெண் குரலும் அவரே. பெண் குரல்தான் பிரமாதம்.

எல்லோரும் போனபின், காப்பி சார் செட்டிங்கை இரண்டு பென் டிரைவில் எடுத்தார். ஒன்று அவருக்கு. இன்னொன்றை, "மாடியில வெச்சிக்கோங்க" என்று என்னிடம் கொடுத்தார். அப்போது திரையில் பயனாளர்களின் பெயர்ப் பட்டியல் திறந்திருந்தது. பெயருக்குப் பக்கத்தில் அவர் தமிழில் ஆளுக்கொரு குறிப்பு எழுதியிருந்தார். 'எதிர்வீட்டு சார், சத்தம் போடுவார், பயப்பட வேணாம்.' 'தையல் அக்கா, பேச மாட்டாங்க, நாமதான் கேக்கணும்.' அதற்குக் கீழே என்னுடையது: 'மாடிவீட்டு டீச்சர், தங்கச்சி மாதிரி, ஊருக்குப் போனா தண்ணித் தொட்டியைப் பாக்கணும்.'

நான் படிப்பதைப் பார்த்ததும் அவசரமாகத் திரையை உள்ளங்கையால் மறைத்தார். நானும் எதையும் பார்க்காதவள் மாதிரி படியேறினேன். மேலே போனதும் போனை எடுத்தேன். அதில் அவர் எண்ணை 'ஹவுஸ் ஓனர்' என்று போட்டிருந்தேன். அதை அழித்துவிட்டு 'அண்ணன்' என்று எழுதினேன்.